கிங்ஸ்டன் நகரத்துத் தாளத்தட்டுகள்

ஒரே தாளக்கட்டின் மீது பத்துப் பதினைந்து பாடகர்கள் தத்தம் சாகித்தியத்தை ஏற்றிப் பாட, அவையனைத்தும் ஒரே இசைத்தட்டில் அடுத்தடுத்து இடம்பெறுவது, ஜமைக்காத் தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் வேரூன்றிய சம்பிரதாயம். 'ரிடிம்' என்று அங்கே வழங்கும் இத்தாளத்தைக் கேட்டுப் பழகாதவர்கள் புனருக்தி என்று தள்ளிவிடக்கூடும். பின்னணி மாறாமல் நிற்கும்போதுதான் ஒவ்வொரு குரலின் குணவிசேஷமும், சொல்லை எங்கே எடுத்து எங்கே நிறுத்துவது என்ற சாமர்த்தியமும் ஐயமற விளங்குகின்றன என்பது என் திடமான அபிப்பிராயம்.

இவ்வழக்கம் பிறந்தது, ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டுகளைச் சுழற்றும் 'சவுண்ட் சிஸ்டம்' நடன மைதானங்களில். 1960களின் பிற்பகுதியில், ஸ்பானிஷ் டவுனில் அத்தகைய நடனங்களை நடத்திவந்த ரூடி ரெட்வுட், ட்யூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஒலிப்பதிவுக்கூடத்தில் பாராகன்ஸ் குழுவினரின் பாட்டொன்றுக்குத் தனித் தட்டு வெட்டிக்கொள்ளப் போனபோது, பைரன் ஸ்மித் என்ற ஒலிப்பதிவாளர் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். அக்குறையையே அனுகூலமாகக் கொண்ட ரெட்வுட், குரலுள்ள தட்டையும் குரலற்ற தட்டையும் நடனத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கவிட, வெற்றுத் தாளத்தின் மீது ஜனங்களே வாய்விட்டுப் பாடினார்கள். தட்டின் மறுபக்கத்தில் குரலற்ற 'வெர்ஷன்' இடம்பெறுவது விரைவில் நியதியாயிற்று. 1970இல் யூ-ராய் என்ற கலைஞர் அதே ட்ரெஷர் ஐலின் பழைய தாளங்கள் மீது பேச்சும் பாட்டுமாய் முழங்கிப் பெரும் பிரசித்தி பெற்றார்.

பதிந்த நாடாவையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது தயாரிப்பாளர்களுக்குச் சிக்கனமாகவும் இருந்தது. 'மை கான்வர்சேஷன்' என்ற 1968ஆம் ஆண்டுப் பாடலின் தாளம் ஒன்றையே கொண்டு ரூபி எட்வர்ட்ஸ் 1974இல் வெளியிட்ட 'யமஹா ஸ்காங்க்' இவ்வகை நெடுந்தட்டுகளுக்கு முன்னோடி. ஆனால், அன்றைய வாத்தியக்காரர்களுக்குப் பெரும்பாலும் பதிவு நாளின் கூலியோடு கணக்கு முடிந்துவிட்டது. இச்சரித்திரத்தின் மீது படிந்த அந்தக் களங்கத்தை மறைத்துப் பேசுதல் தர்மமன்று.

1973இல் வின்ஸ்டன் ரைலி தயாரிக்க, ஆன்செல் காலின்ஸ் வாசித்த 'ஸ்டாலக் 17' என்ற தாளமும் இவ்வாறே மீண்டும் மீண்டும் பயன்பட்டு, 1982இல் சிஸ்டர் நான்சிக்கும் 1985இல் டெனர் சாவுக்கும் புதுப் பாடல்களைத் தந்தது. அதே 1985இல், கேசியோ எம்டி-40 என்னும் சிறு மின்வாத்தியத்தில் ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண்மணி அமைத்திருந்த தாளத்தைத் தயாரிப்பாளர் கிங் ஜாமி வேகம் குறைத்துப் பதிய, வெய்ன் ஸ்மித் பாடிய 'ஸ்லெங் டெங்' கணினித் தாளங்களின் யுகத்தைத் திறந்துவிட்டது.

ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன், கைதட்டலையே பிரதானமாக வைத்து இயற்றிய தாளத்துக்கு நம் தீபாவளியின் வடநாட்டுப் பெயரான 'திவாலி' என்று பெயர். 2002இல் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் அதைத் தொகுப்பாக வெளியிட்டது; மறுவருஷம், அத்தாளத்தில் ஷான் பால் பாடிய 'கெட் பிஸி' அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதலிடம் பெற்றது. உலகம் அந்த ஒன்றையே அதிகம் அறியும். வெய்ன் ஒண்டரின் காதலையும் ஏழைகளின் துயரைக் கர்ஜிக்கும் பௌன்டி கில்லரையும் அதே கைதட்டல் சுமந்து செல்வதைக் கேட்டவர்களே மார்ஸ்டனின் மேதையை முழுதும் அறிவார்கள்.