பாலாற்றங்கரைப் பூனையும் நாற்காலித் தோலும்

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் அறிஞர்கள் வழக்கிடும் பெரும்பாறைச் சிற்பத்தில், யானைகளின் அருகே ஒரு பூனை நிற்கிறது. பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தி, தவசியைப் போல நிற்கும் அதனைச் சுற்றி எலிகள். போலித் துறவின் மீதான எள்ளல் இது என்பர். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பூனை வளர்த்தோர் அந்நிலையைத் தம் வீட்டிலும் கண்டிருப்பர். உறங்கி எழுந்த பூனை தூணருகே சென்று, உடலை முழுதும் நீட்டி, இரு முன்னங்கால்களையும் மேலே ஊன்றி நகம் பதித்து இழுக்கும் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஏழாம் நூற்றாண்டின் பல்லவச் சிற்பி பூனையைக் கூர்ந்து பார்த்தவன் என்பதில் நமக்கு ஐயமில்லை.

சங்கப் புலவர்களும் பார்த்தவர்களே. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார், மாலைப்பொழுதில் வெருகைக் கண்டு அஞ்சும் வீட்டுக் கோழியைப் பாடுகிறார். பிறிதொரு பாட்டில் முல்லை அரும்புக்கு வெருகின் சிரிப்பை உவமை சொல்கிறார். புறநானூற்றில் கபிலரும் முல்லை அரும்பில் வெருகுக் குட்டியின் கூரிய பல்லையே காண்கிறார். தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயரை வகுத்துத் தருகிறது. கம்பனின் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகும் பூனையை அறியாதவர் இலர். இவற்றிலெல்லாம் பூனையின் பல் உண்டு, பசி உண்டு, திருட்டு உண்டு. பூனை வீட்டுப் பொருளைக் கீறிக் கெடுத்தது என்ற புகார் மட்டும் இல்லை.

பூனைக்கு அன்று நகம் இல்லாமலா போயிற்று? கீறுவதற்கு நம்மவர் வீட்டில் மெத்தை வைத்த நாற்காலி இல்லை என்பதே விடை. திண்ணை மண்ணால் ஆனது அல்லது கல்லால் ஆனது. படுக்கை கோரைப்பாய், விடிந்ததும் சுருட்டி வைத்துவிடுவர். கயிற்றுக் கட்டிலின் காலைப் பூனை கீறினால் எவரும் கோலெடுப்பதில்லை. புறத்தே முருங்கையும் தென்னையும் நின்றன. உள்ளே மரத்தூண் நின்றது. நெற்குதிரைச் சுற்றிய எலிக்காக வளர்த்த பூனை, தன் நகத்தை எங்கே தீட்டுகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. பூனையின் பழக்கம் பழையது, சோபாதான் புதியது. வழக்கை விசாரிப்போர் இந்த வரிசையை மறந்துவிடுகின்றனர்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தை அடுத்துக் கடலில் கலக்கும் பாலாற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்றால் இராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் ஊர்கள் வரும். பேர்ணாம்பட்டு சற்றே வடக்கே ஒதுங்கியிருக்கிறது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் இவை மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடந்தாலும் தொழிலால் ஒரே நாடுதான். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு, புங்க எண்ணெய் தடவி, 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் இலண்டன் சந்தைக்குப் போனது இந்நிலத்துச் சரக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலைச் சோதித்துப் பரப்பினார். இன்று ஆம்பூரின் பெயர் உலகச் சந்தையில் அறியப்படுவது காலணியால்.

இத்தொழிலுக்கும் கீறலுக்கும் பழம்பகை உண்டு. ஆடு மாடு உயிரோடிருக்கையில் முள்வேலி கிழித்தது, கொம்பு குத்தியது, சூட்டுக்கோல் பதிந்தது எல்லாம் பதனிட்ட பின்னரும் தோலின் மேற்பரப்பில் நிற்கும். தரம் பிரிப்பவர் விளக்கொளியில் விரித்துப் பார்த்து, கீறலுக்கு ஏற்ப விலையைக் குறைப்பார். கீறல் மிகுந்த தோலின் மேற்பரப்பைத் தேய்த்துச் சமன்செய்து, நிறப்பூச்சு ஏற்றி, அச்சழுத்தத்தால் செயற்கை வரிகளை உண்டாக்குவர். பூனையின் நகம் அந்தப் பூச்சைக் கடந்து நாரிழையை எட்டிவிட்டால், மேலே நிறம் நிரப்பலாமே தவிரப் பழைய தோல் திரும்பாது. ஆகவே இங்குள்ள வீட்டில் தோல் சோபாவில் நான்கு கோடுகள் விழுந்தால் அதன் மதிப்பிழப்பைப் பிற ஊராரைவிடத் துல்லியமாக அறிவர். கோபமும் அதற்கேற்பக் கூடும்.

அதே ஊர்களில் பூனைமீது கைவைக்கத் தயங்கும் மரபும் உண்டு. தோல் வணிகத்தில் தலைமுறைகளாக ஈடுபட்ட இசுலாமியக் குடும்பங்களில் பூனை செல்லமான விலங்கு. நபித்தோழர் அபூ ஹுரைரா அவர்களின் பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்று பொருள்.

கோபத்துக்கு மேலைநாட்டார் சிலர் கண்ட தீர்வு கொடியது. நகம் நீக்கும் அறுவை என்பது நகம் வெட்டுவதன்று. ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் துண்டித்து எடுப்பது. மனிதக் கையில் ஒவ்வொரு விரலின் நுனிக் கணுவையும் வெட்டுவதற்கு அது ஒப்பாகும். ஐரோப்பிய அவையின் வளர்ப்பு விலங்கு உடன்படிக்கை 1987இலேயே இதனை விலக்கியது. இசுரேல் 2011இலும், அமெரிக்க மாநிலங்களுள் முதலாவதாக நியூயார்க் 2019இலும் தடை செய்தன.

நம் நாட்டில் இதன் வேர் சென்னையில் இருக்கிறது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குவதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்ற நேருவின் உறுதியின்பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டின் சட்டம். விலங்கின் உறுப்பைச் சிதைத்தல் அதில் குற்றம். மாட்டின் கொம்பு நீக்குதல், காயடித்தல், சூடிடுதல், மூக்கணாங்கயிறு இடுதல் ஆகியவற்றுக்கு முறைப்படி செய்தால் விலக்கு உண்டு. பூனையின் நகம் அப்பட்டியலில் இல்லை. உணவுக்காக வெட்டப்பட்ட விலங்கின் தோலால் வாழும் ஊரில் இதைப் பேசுவது முரண் என்று சிலர் நகைக்கலாம். இறந்த விலங்கின் தோலைப் பயன்படுத்துவதும், உயிருள்ள துணையின் விரலை நாற்காலிக்காக வெட்டுவதும் ஒன்றென நமக்குத் தோன்றவில்லை.

பிறகு என்ன செய்வது? பூனை ஏன் கீறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நகத்தின் மேலுறை அவ்வப்போது முதிர்ந்து கழல வேண்டும். முதுகுத் தசை நீள வேண்டும். பாதத்துச் சுரப்பிகளின் வாசனையையும் கண்ணுக்குத் தெரியும் தடத்தையும் விட்டு 'இவ்விடம் எனது' என்று அறிவிக்க வேண்டும். இம்மூன்றும் அடியால் நிற்கா. அடிபட்ட பூனை உரிமையாளர் இல்லாத வேளையில் கீறும், அவ்வளவே.

இழந்த தூணைத் திருப்பித் தருவதே வழி. பூனை முழுதும் நிமிர்ந்து நீள இடம் தரும்படி மூன்றடிக்குக் குறையாத கட்டை, ஆடாத அடிப்பலகை, நெருக்கமாகச் சுற்றிய தேங்காய் நார்க் கயிறு. ஆடும் கட்டையைப் பூனை ஒருமுறை தொட்டு விலகிவிடும். வீட்டின் மூலையில் ஒளிக்காமல், கீறப்பட்ட சோபாவின் ஓரத்திலேயே நிறுத்த வேண்டும். உறங்கி எழும் இடத்தருகே என்றால் இன்னும் நன்று. சோபாவின் அந்த முனையைச் சில வாரங்கள் பிளாஸ்டிக் தாளால் மூடலாம். பூனை கட்டையைப் பற்றும்போதெல்லாம் ஒரு துண்டு கருவாடு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நக நுனியை மட்டும் வெட்டலாம். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் நரம்பும் குருதியும் உண்டு, அதைத் தொடலாகாது.

தோல் நாட்டு வாசகருக்குத் தனியே ஒன்று. கழிவுத்தோல் மலிவாகக் கிடைக்கிறதென்று அதைக் கட்டையில் சுற்ற வேண்டாம். இந்தத் தோலைக் கீறலாம், அந்தத் தோலைக் கீறலாகாது என்ற தர வேறுபாடு தரம் பிரிப்பவருக்குத் தெரியும், பூனைக்குத் தெரியாது.