மைசூர் நாட்டில் மனநோய் மருத்துவம் வளர்ந்த வரலாறு

சென்னைப் பக்கத்தினின்றும் வந்து மைசூரில் குடியேறிய நம் அன்பர்களுக்குக் ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் சொல்லின் பொருளை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அஃது ஓர் ஊர்ப்பகுதியின் பெயர். ஆயினும் கோபத்திலும் கேலியிலும் அதனை வேறு பொருளில் வழங்கியே நாம் பழகிவிட்டோம். இங்கே கன்னட அன்பர்களிடையே ‘நிம்ஹான்ஸ்’ என்ற பெயருக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கிறது. நாடு முழுவதும் மதிக்கும் ஒரு மருத்துவ நிலையத்தின் பெயர் வசைச் சொல்லாகிவிட்டால், அங்கே போகவேண்டியவன் எப்படித் துணிந்து போவான்?

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை என்றால் கங்கரையும் ஹொய்சளரையும் உடையார் மன்னர்களையும் பற்றி எழுதுவதே வழக்கம். அவற்றை எழுதப் புலவர் பலர் உளர். மெட்ரிகுலேஷன் வரை படித்து இரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நாம், கோட்டை கொத்தளங்களை விடுத்து, நம் குடியிருப்பில் கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படும் ஒரு விஷயத்தின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். மைசூர் இராச்சியம் இத்துறையில் இந்தியாவுக்கே வழிகாட்டியது என்பதும், அந்த வழியில் தமிழ்நாட்டாரும் பயன் பெற்றனர் என்பதும் நம்மவரிற் பலர் அறியாதவை.

கும்பினியார் காலத்திலேயே, 1794ஆம் ஆண்டில், சென்னையில் மனநோயாளருக்கென ஒரு விடுதி தோன்றிற்று. கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்தில் மருத்துவமனை திறக்கப்பட்டது 1871இல். பெங்களூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தகைய விடுதியொன்று ஏற்பட்டது. அக்காலத்தில் இவற்றுக்கு ‘லூனாடிக் அசைலம்’ என்றே பெயர். பெயரே அதன் தன்மையைக் காட்டும். நோயாளியைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவது அங்கே முதல் நோக்கமன்று. ஊராருக்கு இடைஞ்சலின்றி மதிலுக்குள் வைத்திருப்பதே நோக்கம். 1912ஆம் ஆண்டின் சட்டத்தின் பெயரிலும் அதே சொல்தான் இருந்தது. மாஜிஸ்திரேட்டு உத்தரவின்பேரில் ஒருவரை உள்ளே அனுப்புவது எளிதாகவும், அவர் வெளியே வருவது அரிதாகவும் இருந்த காலம் அது.

இந்த நிலையில் மைசூர் அரசாங்கம் 1925இல் செய்த ஒரு காரியம் சிறியதாகத் தோன்றினும் பெரியது. ‘அசைலம்’ என்ற பெயரை நீக்கி, ‘மனநோய் மருத்துவமனை’ என்று மாற்றிற்று. பெயரை மாற்றினால் நோய் மாறிவிடுமா என்று சிலர் கேட்கலாம். மாறாதுதான். ஆனால் ‘கூட்ஸ் ஷெட்’ என்று எழுதியிருக்கும் கட்டடத்தில் பிரயாணிகள் யாரும் டிக்கெட்டு வாங்க வந்து நிற்பதில்லை என்பது இரயில்வேயில் இருப்போருக்குத் தெரியும். பெயர் பலகை மாறினால் வருகிறவரும் மாறுவர். அப்போது அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் பிராங்க் நொரோனா. பின்னர், சர் மிர்ஸா இஸ்மாயில் திவானாக இருந்த காலத்தில், 1930களின் பிற்பகுதியில், ஓசூர் சாலையில் விசாலமான நிலப்பரப்பில் புதிய கட்டடங்கள் எழுந்தன. பூங்காக்களின்மேல் அவருக்கிருந்த பற்றை மைசூர்வாசிகளுக்கு நாம் சொல்லவேண்டுமா?

அதே ஆண்டுகளில் நம் மைசூர் நகரிலும் ஒன்று நடந்தது. 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் மகாராஜா கல்லூரியில் உளவியலுக்கெனத் தனித்துறை தொடங்கிற்று. கல்கத்தாவில் 1916இல் தொடங்கியது தவிர, அதற்கு முன்னோடி இந்நாட்டில் இல்லையென்றே சொல்லலாம். இலண்டனில் ஸ்பியர்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்று திரும்பிய பேராசிரியர் எம்.வி. கோபாலஸ்வாமி அதன் தலைவரானார். இவர்தாம் 1935இல் தம் வீட்டிலேயே வானொலி நிலையம் ஒன்றை நடத்தி, அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயரிட்டவர். அந்தப் பெயரைப் பின்னாளில் நாடே எடுத்துக்கொண்டது. மனத்தின் இயல்பை ஆராய்ந்தவர் வானொலியில் இறங்கியது பொருத்தமே. இரண்டுக்கும் கேட்கும் காது வேண்டும்.

மருத்துவமனையில் அப்போது நல்ல மருந்தென்று ஒன்றில்லை. சர்ப்பகந்தி வேரால் சித்தக் கலக்கம் தணியக்கூடும் என்று கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் எழுதினர். நம் நாட்டு வைத்தியர்கள் வழிவழியாக அறிந்த வேர் அது. மேனாட்டார் அதனைக் கையாளத் தொடங்க இருபது ஆண்டுகள் சென்றன. 1952இல் பிரான்சில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்பட்டது. அதன்பின்னரே, பல்லாண்டு மதிலுக்குள் கிடந்தவர்களும் வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் பிறந்தது.

சுதந்திரத்துக்கு முன்னர், 1946இல், போர் கமிட்டியார் நாட்டில் மனநோய் மருத்துவம் கற்பிக்கும் நிலையம் இல்லாமையை எடுத்துக்காட்டினர். அதன் பயனாக 1954இல் பெங்களூரில், மேற்சொன்ன மருத்துவமனையை அடுத்தே, அகில இந்திய மனநல நிலையம் அமைந்தது. டாக்டர் எம்.வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர். 1974இல் மருத்துவமனையும் இந்நிலையமும் ஒன்றாக இணைந்து, இன்று நாம் ‘நிம்ஹான்ஸ்’ என்று சுருக்கிக் கூறும் தேசிய நிலையம் ஆயிற்று.

இங்கே பயின்றவர்களுள் ஒருவரைத் தமிழர் மறக்கலாகாது. மங்களூரில் பிறந்த டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநோய் மருத்துவர் என்று போற்றப்படுபவர், பெங்களூரில் பயிற்சி பெற்றபின் சென்னை சென்றார். 1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகி, 1978 வரை அங்கே பணிபுரிந்தார். ஓய்வு பெற்றபின், மனச்சிதைவு நோயாளருக்காக 1984இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தினார். 2021இல், தொண்ணூற்றெட்டாம் வயதில், அவர் காலமானார். மைசூர் நாடு தமிழகத்துக்குக் காவிரி நீரை மட்டும் அனுப்பியதாகப் பேசிக்கொண்டிருக்கும் நாம், இதனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மதிலை உடைக்கும் வேலையில் குடும்பத்தாருக்கும் பங்குண்டு. 1950களில் பஞ்சாபின் அமிர்தசரஸ் மருத்துவமனையில், டாக்டர் வித்யாசாகர் என்பார் நோயாளிகளின் உறவினரையும் அழைத்து, மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். இடப்பற்றாக்குறையால் செய்த ஏற்பாடுதான். ஆனால் தாயோ மனைவியோ அருகிருந்த நோயாளி விரைவில் தேறினார், வீடு திரும்பியபின் அவரைப் பார்த்துக்கொள்ளும் விதத்தையும் வீட்டார் கற்றுக்கொண்டனர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல நிலையம் தொடங்கியபோது, உறவினர் உடன் தங்குவதையே முறையாக வைத்தது. மேனாட்டு மருத்துவமனைகளில் பார்வையாளர் நேரம் மணியடித்து முடிந்துவிடும். நம் நாட்டிலோ பாட்டி பாயைச் சுருட்டிக்கொண்டு உடன் வந்துவிடுவாள். அந்தப் பாய்தான் மருந்தில் பாதி என்று இந்த மருத்துவர்கள் கண்டுகொண்டனர்.

இனி, இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருவோம். எவ்வளவு பெரிய மருத்துவமனையானாலும் அது ஒரே ஊரில் இருந்தால் யாருக்குப் பயன்? மைசூருக்கும் பெங்களூருக்கும் 1882 முதல் இரயில் உண்டு. நம்மைப் போன்றோர் ஏறிச் சென்றுவிடலாம். எச்.டி. கோட்டைக் காட்டோரத்துக் கூலிக்காரர், கூச்சலிடும் மகனை இரண்டு பேருந்து மாற்றி அழைத்துச் சென்று, ஒரு நாள் கூலியையும் இழந்து, மாதந்தோறும் மருந்து வாங்கி வருவாரா? முதல் மாதம் போவார். மூன்றாம் மாதம் நின்றுவிடும். மருந்து நின்றால் நோய் திரும்பும்.

1975ஐ ஒட்டி நிம்ஹான்ஸில் டாக்டர் ஆர்.எல். கபூர் முதலியோர் சமூக மனநலப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, பெங்களூரை அடுத்த சகலவாரா என்னும் கிராமத்தில் மையம் அமைத்தனர். அதே சமயத்தில் வடக்கே ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியில் சண்டிகர் மருத்துவர்கள் இத்தகைய முயற்சியில் இறங்கினர். இவர்கள் செய்ததன் சாரம் இதுவே: கிராமத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும், வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளருக்கும் சில வாரப் பயிற்சி கொடுப்பது, காக்காய் வலிப்பு, கடுமையான மனநோய், ஆழ்ந்த மனச்சோர்வு, குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றை அடையாளங் காணக் கற்பிப்பது, விலை மலிந்த நாலைந்து மருந்துகளை அங்கேயே வைத்திருப்பது, கைமீறியதை மட்டும் மேலே அனுப்புவது. சிறு நிலையத்தில் டிக்கெட்டு கொடுக்க நிலைய அதிபர் போதும். ஒவ்வொரு பிரயாணிக்கும் டிவிஷனல் மானேஜர் வரவேண்டியதில்லை அல்லவா!

இம்முறை ஒரு மாவட்டம் முழுவதற்கும் பொருந்துமா என்பதை 1980களின் நடுவில் பெல்லாரி மாவட்டத்தில் சோதித்தனர். பொருந்திற்று. இதற்கிடையே 1982இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. பெல்லாரியின் அனுபவத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அந்த நான்கனுள் ஒன்று நம் திருச்சிராப்பள்ளி. கர்நாடகத்துக் கரிசல் மண்ணில் முளைத்தது காவிரிக் கரையில் நடப்பட்டது என்க.

திருச்சி என்றவுடன் குணசீலம் நினைவுக்கு வரும். பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில் நாற்பத்தெட்டு நாள் தங்கினால் சித்தம் தெளியும் என்பது தலைமுறை தலைமுறையான நம்பிக்கை. இராமநாதபுரத்து ஏர்வாடித் தர்காவுக்கும் அவ்வாறே எல்லா மதத்தினரும் செல்வர். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோருடன் நாம் உடன்படோம். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை, பெங்களூர் மருத்துவர்களே ஆராய்ந்தனர். சராசரி ஆறு வாரம் தங்கியபின் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன என்று 2002இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினர். அங்கே விசேஷச் சடங்கு ஒன்றும் இல்லை. அமைதியான இடம், உடனிருக்கும் உறவினர், கையில் ஏதோ சிறு வேலை, இகழாத மக்கள், அவ்வளவே.

ஆனால் சங்கிலி வேறு விஷயம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலை, ஏர்வாடியில் தனியார் நடத்திய கொட்டகையொன்று தீப்பற்றியபோது, கால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட முடியாமல் மாண்டனர். இறந்தவர் தொகை 28. அவர்களை அங்கே கொண்டு விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். அலைந்து சலித்த தாய் தந்தையர். அருகில் மருந்து கிடைத்திருந்தால் எத்தனை பேர் அங்கே விடப்பட்டிருப்பர் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியில் பிணைப்பதை எவ்விடத்தும் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகக் கொண்டு உதவவேண்டும் என்றும், உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

இத்தனை இருந்தும் 2015–16இல் நிம்ஹான்ஸ் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் ஏதோவொரு மனநலக் குறை உடையவர் என்றும், அவர்களுட் பெரும்பாலோர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை என்றும் கண்டது. நூறு வீடுள்ள ஒரு குடியிருப்பை மனத்தில் கொண்டு அன்பர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு தடையும் உண்டு. நாமோ கன்னடம் பேசுகிறோம், நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள். ஆனால் ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் வயோதிகத் தாய்மார் தமிழ் ஒன்றே அறிவர். கால் வலியைக் கையால் காட்டிவிடலாம். ‘நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது, யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது, வாழ்ந்தது போதும் என்று தோன்றுகிறது’ என்பதைக் கையால் காட்ட முடியாது. நம் குடியிருப்பில் ஓர் அம்மையார் டாக்டரிடம் சென்றபோது, மொழிபெயர்க்க உடன் சென்றவன் பன்னிரண்டு வயதுப் பேரன். பாட்டி சொன்னதை முழுவதும் சொல்ல அவனுக்கு வாய் எழவில்லை. “தூக்கம் வரவில்லையாம்” என்று மட்டும் சொன்னான். தூக்க மாத்திரை கிடைத்தது. டாக்டர்மீதும் குறையில்லை, பையன்மீதும் குறையில்லை. நான்கு மாதம் கழித்து, தமிழ் அறிந்த ஒரு செவிலியர் தற்செயலாக அங்கே இருந்ததனால்தான் உண்மை வெளிவந்தது. அம்மையார் இன்று நலமாயிருக்கிறார். கோலப் போட்டியில் அவரைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

மைசூரில் உதவி பெறும் இடங்களையும் குறித்துவிடுகிறோம். இரயில்வே ஊழியர்க்கும் குடும்பத்தார்க்கும் இரயில்வே மருத்துவமனை முதற்படி. கே.ஆர். மருத்துவமனையிலும் ஜே.எஸ்.எஸ். மருத்துவமனையிலும் மனநோய் மருத்துவப் பிரிவுகள் உள. தாலுகா மருத்துவமனைகளுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் மனநல மருத்துவர் சென்று பார்க்கும் ‘மனோசைதன்ய’ ஏற்பாட்டைக் கர்நாடக அரசு தொடங்கியது. பேச்சு வராத, பேச்சுத் தாமதிக்கும் குழந்தைகளுக்கு, மானசகங்கோத்ரியில் 1965இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தே அங்கே வருவோர் பலர். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். பேரனை அழைத்துச் செல்லவேண்டியதில்லை.

அந்த எண்ணைச் சங்க நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். மருத்துவமனைக்கு உடன் வந்து மொழிபெயர்க்க இசைந்த அறுவர் பெயர்களும் செயலாளரிடம் இருக்கின்றன. அறுவரில் நால்வர் மகளிர். கேட்பவர் இன்னார் என்று பதிவேட்டில் எழுதும் வழக்கம் இல்லை.