முதுசொம், சீதனம், தேடியதேட்டம்: யாழ்ப்பாணத்து வீட்டு வாழ்வைச் சொல்லும் ஓர் ஏடு

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வையாபாடல், கைலாயமாலை, யாழ்ப்பாண வைபவமாலை முதலிய நூல்களையே முதலில் நாடுவர். அரசர் பெயரும், வந்து குடியேறிய தலைவர் பெயரும், கோயில் எழுப்பிய வரலாறும் அவற்றிற் கிடைக்கும். ஆனால், ஒரு பெண்ணுக்குக் கலியாணம் பேசியபோது அவளுக்கு எதைக் கொடுத்தார்கள், தாயை இழந்த பிள்ளையை யார் வளர்த்தார்கள், தகப்பன் பட்ட கடனை யார் இறுத்தார்கள், காணி விலைக்கு வந்தபோது யாருக்கு முதலில் அறிவித்தார்கள் என்பன போன்ற வீட்டு விடயங்களை அந்நூல்களிற் காண்பது அரிது. இவற்றை அறிய விரும்புவோர்க்கு யாழ்ப்பாணத்தில் ஓர் ஏடு உண்டு. அது இலக்கியமாக எழுதப்பட்டதன்று, சட்டமாக எழுதப்பட்டது. அதன் பெயர் தேசவழமை.

யாழ்ப்பாண இராச்சியம் 1619 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். நாட்டை ஆள வந்தவர்கள் வழக்கையும் தீர்க்க வேண்டியவராயினர். காணிச் சண்டையோடும் சீதனப் பிணக்கோடும் மக்கள் நீதிமன்றப் படி ஏறியபோது, இந்த ஊரின் வழக்கம் யாது என்று அறியாமல் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆகவே 1706 ஆம் ஆண்டில் ஒல்லாந்த ஆள்பதி கொர்னேலிஸ் ஜொவான் சீமொன்ஸ், யாழ்ப்பாணத்து வழக்கங்களை எழுத்தில் தொகுக்கும்படி கட்டளையிட்டார். அப்பணியைச் செய்தவர் திசாவையாக இருந்த கிளாஸ் ஈசாக்ஸ் என்பவர். இங்கே முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து பெற்ற அனுபவத்தைக் கொண்டே அவர் அதனை எழுதினார். 1707 ஜனவரியில் வேலை நிறைவேறியது. பின்னர் யான் பீறுஸ் என்பவர் அதனைத் தமிழாக்கினார். அத்தமிழ் ஏடு பன்னிரண்டு தமிழ் முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. நாட்டு வழக்கம் இதுவே என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட பின்னரே அது நீதிமன்றங்களுக்குச் சென்றது.

அந்நிய நாட்டு அதிகாரி ஒருவர் எழுதிய சட்டத்தொகுப்பிலே நமது பாட்டன் பாட்டியின் வீட்டு வாழ்வு பதிவாகியிருப்பது ஒரு வியப்பே. ஆனால் உள்ளே புகுந்து பார்த்தால் சொற்கள் யாவும் நம்முடையவை. ஒல்லாந்த மொழியில் எழுதியவருக்கும் அவற்றை மொழிபெயர்க்க முடியவில்லை. முதுசொம் என்றும் சீதனம் என்றும் தேடியதேட்டம் என்றும் அப்படியே எழுதி வைத்தார்.

இம்மூன்று சொற்களும் ஒரு குடும்பத்தின் முழுச் சொத்தையும் வகைப்படுத்துவன. முதுசொம் என்பது முன்னோர் வழியாகக் கணவனுக்கு வந்த சொத்து. 'சொம்' என்றாற் சொத்து. முதியோர் விட்டுச் சென்ற சொத்து முதுசொம். சீதனம் என்பது மனைவி கொண்டு வந்தது. 'ஸ்திரீதனம்' என்பதன் தமிழ் வடிவம் அது. பெண்ணின் தனம் என்பதே அதன் நேர்ப்பொருள். மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் விலை என்று இன்று பலர் அச்சொல்லுக்குக் கொள்ளும் பொருளுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றாவது தேடியதேட்டம். கணவனும் மனைவியும் கூடி வாழ்ந்த காலத்தில் உண்டாக்கிய சொத்து அது. சொல்லிலேயே உழைப்பின் வியர்வை தெரிகிறது.

பழைய வழக்கத்தின்படி தந்தையின் முதுசொம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சேர்ந்தன. தேடியதேட்டம் இருபாலார்க்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. தாய்க்குத் தாய் வழியாகப் பெண்களிடம் ஒரு சொத்து இறங்கி வந்த சமூகம் இது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. யாழ்ப்பாணத்திற் பல ஊர்களிலே கலியாணம் செய்த ஆண் பெண் வீட்டுக்குச் சென்று குடியிருக்கும் வழக்கம் நிலைத்ததற்கும் இதுவே அடிப்படை. வளவும் வீடும் பெண்ணுடையவை. மாப்பிள்ளை அங்கே வந்து சேர்கின்றவர்.

போர்த்துக்கேயர் காலத்தில், பிலிப் மஸ்கரேஞ்ஞாஸ் என்பவர் ஆட்சி செய்தபோது, இந்த ஒழுங்கு மாறத் தொடங்கியதாகத் தேசவழமையே கூறுகிறது. மகளுக்குக் கொடுக்கும் சீதனத்தில் தாயின் சொத்து மாத்திரமன்றித் தந்தையின் முதுசொமும் தேடியதேட்டமும் கலந்தன. சீதனம் பெருத்தது. அதனைப் பெற்ற பெண் அதனோடு திருப்தியடைய வேண்டும். பெற்றோர் சொத்தில் மேற்கொண்டு பங்கு கேட்க இயலாது. சீதன ஓலையில் எழுதிய காணியைப் பத்து ஆண்டுகளுக்குள் கைப்பற்றிக்கொள்ளாவிட்டால் அந்த உரிமையும் போய்விடும்.

சீதனம் பெருத்தபோது அதன் சுமை யார் தோளில் ஏறியது? கலியாணமாகாத ஆண்மகன் உழைத்துத் தேடியது பெற்றோரின் பொதுச் சொத்தோடு சேரவேண்டும் என்கிறது ஏடு. அவன் கலியாணஞ் செய்து வெளியேறும்போது தன் உடம்பிலே அணிந்த பொன், வெள்ளி ஆபரணங்களை மாத்திரம் தனக்கென்று கொண்டு செல்லலாம். பெற்றோர் பட்ட கடனையும் மக்களே இறுக்க வேண்டும். பெற்றோர் விட்டுச் சென்ற சொத்து அதற்குப் போதாதென்றாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. சகோதரிகளைக் கரைசேர்த்த பின்னரே தன்னைப் பற்றி நினைக்கும் அண்ணன்மாரை நமது ஈழத்துச் சிறுகதைகளில் எத்தனை தடவை சந்தித்திருக்கிறோம்! கொழும்பிலே எழுதுவினைஞராக இருந்து மாதாமாதம் காசு அனுப்பிய அந்த அண்ணன், கதாசிரியர் கற்பனையிற் பிறந்தவனல்லன். அவனது கடமை மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுத்தில் வந்துவிட்டது.

இரக்கம் உள்ள இடங்களும் இந்த ஏட்டில் உண்டு. மனைவியை இழந்தவர் மறுமணம் செய்ய விரும்பினால், பிள்ளையைப் பாட்டனோ பாட்டியோ, அவர்கள் இல்லாதவிடத்து நெருங்கிய உறவினரோ பொறுப்பேற்று வளர்ப்பார்கள். அப்போது இறந்த தாய் கொண்டு வந்த சீதனம் முழுவதையும், தேடியதேட்டத்திற் பாதியையும் தகப்பன் பிள்ளைக்கென்று ஒப்படைக்க வேண்டும். சின்னம்மாவின் கையிலே தாயில்லாப் பிள்ளை படும் பாட்டைக் கதைகளிற் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பயம் ஊருக்கு அன்றும் இருந்திருக்கிறது. அதனாலேதான் தாயின் சொத்தும் பிள்ளையும் ஒன்றாகவே பேரனார் வீட்டுக்குச் சென்றன.

பிள்ளையில்லாதவர் பிள்ளை தத்தெடுத்த முறை இன்னும் சுவையானது. தத்தெடுப்போர் மஞ்சள் நீர் குடிப்பார்கள். அவர்களின் சொத்துக்கு உரிமையுள்ள சகோதரரும் சுற்றத்தாரும் அந்த மஞ்சள் நீரில் விரல் தோய்த்துத் தமது சம்மதத்தைக் காட்டுவார்கள். வண்ணாரும் அம்பட்டரும் அதற்குச் சாட்சிகள். விரல் தோய்க்க மறுத்தவருக்குத் தமது பங்கின்மீது உள்ள உரிமை அழியாது. கையெழுத்து அறியாத காலத்தில் ஒரு விரல் நனைவதே கையொப்பமாக இருந்தது. அந்தச் சடங்கின் நடுவே, வாயாற் சொல்லாமல் விரலை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்ற சிற்றப்பனையோ மாமனையோ நாம் மனக்கண்ணிற் காணலாம். ஊரின் மனத்தாங்கல்கள் இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

காணி விற்பனையிலும் ஊர் முழுவதும் கண் வைத்திருந்தது. ஒருவர் தமது காணியை நினைத்தபடி யாருக்கும் விற்றுவிட இயலாது. முதலிற் கூட்டுப் பங்காளருக்கும், உரிமைச் சுற்றத்தாருக்கும், அக்காணியை ஈடு வைத்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும். ஒரே ஊரில் இருப்பவருக்கு ஒரு மாதம், நாட்டுக்கு வெளியே சென்றவருக்கு ஓராண்டு எனத் தவணை கொடுத்த வழக்கமும் முற்காலத்தில் இருந்தது. ஒல்லாந்தர் வந்த பின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து தேவாலயத்திலே விற்பனையை அறிவித்தார்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில் துண்டு துண்டாகக் காணி கிடக்கும் மண் இது. ஒரு கிணற்றிற் பலருக்குப் பங்கு. ஒருவர் தோட்டத்துக்கு நீர் போகும் வாய்க்கால் மற்றொருவர் காணியூடாகப் போகும். முன்பின் தெரியாத ஒருவர் நடுவே வந்தால் தண்ணீர் முறையே குழம்பிவிடும். அயலவருக்கு முதலில் அறிவிக்கும் விதியின் நியாயம் கிணற்றடியிலே இருக்கிறது.

ஆயினும் இந்த ஏட்டை வெறும் பெருமைக்காக வாசிப்பது சரியன்று. அடிமைகளைப் பற்றி அதில் ஒரு தனிப்பிரிவே உண்டு. மாடும் காணியும் போல மனிதரும் சொத்தாக எண்ணப்பட்டனர், சீதனமாகவும் கொடுக்கப்பட்டனர். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844 ஆம் ஆண்டிலேயே. ஏட்டைப் பார்த்துச் சம்மதம் சொன்ன பன்னிரண்டு பேரும் முதலிமார். காணி உள்ளவரின் வீட்டு வழக்கமே நாட்டு வழக்கமாக எழுதப்பட்டது. காணியற்றவரின் குடிசையில் என்ன வழக்கம் இருந்தது என்று கேட்டறிந்ததாகத் தெரியவில்லை. சீதனத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பெண்ணைத்தானும் சேர்க்கவில்லை.

எழுத்தில் வந்ததனால் மற்றொரு விளைவும் உண்டாயிற்று. காலத்தோடு வளைந்து வந்த வழக்கம் சட்டப் புத்தகத்தில் இறுகியது. 1806 இல் ஆங்கிலேயர் ஓர் ஒழுங்குவிதியினால் அதற்கு முழு வலுவளித்தனர். 1911 இல் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. 1947 இல் அது திருத்தப்பட்டது. அந்த 1911 ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் சொத்து அவளுடைய தனிச்சொத்து என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அசையாச் சொத்தை உயிரோடிருக்கும் காலத்தில் அவள் விற்கவோ கொடுக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. கணவன் தனது முதுசொத்தை விற்க மனைவியிடம் இத்தகைய சம்மதம் பெற வேண்டியதில்லை. தாய் வழியாக மகளுக்கு வந்த வளவு அவள் பெயரிலேயே இருக்கிறது. அதனை ஆளும் கையொப்பம் அவள் கையில் முழுமையாக இல்லை.

இது நீதிமன்றத்தில் மாத்திரம் பேசப்படும் நுட்பமன்று. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் பெயர்ந்தபோதும், 1995 அக்டோபரில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் பெயர்ந்தபோதும், பல குடும்பங்கள் உடுபுடைவையோடு காணி உறுதியையும் பையில் வைத்தே புறப்பட்டன. உறுதியைக் காப்பாற்றியவர்கள் பலர். கணவனைக் காப்பாற்ற முடியாமற்போனவர்களும் பலர். காணாமற்போன கணவனின் சம்மதக் கையெழுத்தை ஒரு பெண் எங்கே போய் வாங்குவாள்? இருப்பிடம் அறியப்படாத கணவனுக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி கொடுக்கலாம் என்று அதே சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் தன் தாய் தந்த காணியை, தன் பிள்ளையின் படிப்புக்காகவோ வைத்தியத்துக்காகவோ விற்க, நீதிமன்றப் படி ஏறிக் காரணம் சொல்ல வேண்டிய நிலையை நாம் எளிதாக எண்ணிவிட முடியாது.

ஈசாக்ஸ் எழுதிய பழைய ஏட்டின் தொடக்கத்தில் இருந்த ஒழுங்கை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். தாயின் சொத்து மகளுக்கு என்பதே அது. மரபு என்ற பெயரால் பெண்ணின் கையைக் கட்ட விரும்புவோர் அந்த மரபின் முதற் பக்கத்தை வாசிப்பது நல்லது. வழக்கம் போர்த்துக்கேயர் காலத்தில் மாறியது. ஒல்லாந்தர் காலத்தில் எழுதப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் திருத்தப்பட்டது. நமது காலத்தில் மாத்திரம் அது மாறக்கூடாது என்பதற்கு நியாயம் இல்லை.

ஊர்களிற் பெட்டகத்தின் அடியிலும், கூரை இறப்பிலும், பழைய தகரப் பெட்டிகளிலும் இன்னும் எஞ்சியிருக்கும் உறுதிகளையும் சீதன ஓலைகளையும் செல்லரிக்க விட்டுவிடலாகாது. அவற்றை ஒரு தடவையேனும் வாசித்து, பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னார் பெண்சாதி இன்னாள் என்று அங்கே எழுதப்பட்டிருக்கும். வைபவமாலை அறியாத பெண்கள் அவர்கள். நாம் குடியிருக்கும் வீட்டுக்கு நிலம் தந்தவர்களும் அவர்களே.