லண்டனில் படகை எங்கே கட்டுவது?

மெரினான்னு சொன்னதும் நமக்கெல்லாம் சுண்டலும் பட்டமும் குதிரை சவாரியும்தான் ஞாபகம் வரும். சென்னைக் கடற்கரைக்கு அந்தப் பேரை வெச்சவர் 1880களில் கவர்னரா இருந்த கிராண்ட் டஃப். ஆனா நான் சொல்ல வந்தது அந்த மெரினா இல்லீங்க. பாய்மரப் படகுகளைக் கட்டிப் போடுற இடத்துக்கும் மரீனான்னுதான் பேரு. காருக்கு பார்க்கிங் மாதிரி படகுக்கு. தண்ணி, கரண்ட், குளிக்க இடம் எல்லாம் இருக்கும். படகோட நீளத்தைப் பார்த்து ராத்திரிக்கு இவ்வளவுன்னு காசு வாங்குவாங்க.

நண்பர் ஒருத்தர்கிட்ட 26 அடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு இருக்கு. நான் அதில் எடுபிடி. கயிறு பிடிப்பேன், டீ போடுவேன், சமயத்தில் வாந்தியும் எடுப்பேன் :-) போன கோடையில் அவருக்கு ஓர் ஆசை. கென்ட் பக்கம் இருக்கிற குவீன்பரோவிலிருந்து தேம்ஸ் நதியில் ஏறி லண்டன் போய், ரெண்டு ராத்திரி தங்கி, ஊரைச் சுத்திப் பார்த்துட்டுத் திரும்பணும். "படகை எங்கே கட்டுறதுன்னு நீயே பார்த்துச் சொல்லு. நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பியே"ன்னு வேலையை என் தலையில் கட்டிட்டார்.

சும்மா விலை விசாரிச்சுச் சொல்லலாம்னுதான் ஆரம்பிச்சேன். அது கடைசியில் இருநூறு வருஷக் கதையில் கொண்டு போய் விட்டது.

முதல்ல ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். தேம்ஸ் பார்க்கத்தான் ஆறு. லண்டனில் அது பாதிக் கடல். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கடல் பொங்கி ஆத்துக்குள்ள ஏறும், ரெண்டு தடவை வத்தும். லண்டன் பாலத்துக்கிட்ட பௌர்ணமி, அமாவாசையை ஒட்டின நாட்களில் தண்ணி மட்டம் ஆறு, ஆறரை மீட்டர் ஏறி இறங்கும். அதாவது ரெண்டு மாடி உயரம். காலையில் கரையோரம் மிதந்த படகு மத்தியானம் சேத்தில் சாஞ்சு கிடக்கும். அதனால இங்கே மரீனான்னா ஆத்தை ஒட்டி ஒரு குளம், குளத்துக்கும் ஆத்துக்கும் நடுவில் ஒரு லாக். நம்ம ஊர் மதகு மாதிரி, ஆனா ரெண்டு கதவு. நடுவில் இருக்கிற தொட்டிக்குள் படகு நுழைஞ்சதும் வெளிக்கதவை மூடி, தண்ணி மட்டத்தைச் சரி பண்ணி, உள்கதவைத் திறப்பாங்க. பக்கிங்ஹாம் கால்வாயிலும் இப்படி லாக்குகள் இருந்தது.

இந்தக் குளங்கள் எதுவும் படகு வெச்சிருக்கிறவங்களுக்காக வெட்டினது இல்லை. எல்லாமே பழைய கப்பல்துறைகள். 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் தேம்ஸில் கப்பல் நெரிசல் தாங்கலை. சரக்கை இறக்க வாரக்கணக்கில் காத்துக் கிடக்கணும். அதுக்குள்ள பாதி திருட்டுப் போகும். அதனால 1802இல் வெஸ்ட் இந்தியா டாக், 1805இல் லண்டன் டாக், 1806இல் ஈஸ்ட் இந்தியா டாக்னு வரிசையா வெட்ட ஆரம்பிச்சாங்க. சுத்தி மதில், வாசலில் லாக்.

நான் தேடினதில் எங்க படகுக்கு ஏத்ததா மூணு இடம் சிக்கிச்சு.

முதலாவது, தென்கரையில் ரோதர்ஹித் பகுதியில் இருக்கிற சவுத் டாக். பக்கத்துலயே கிரீன்லாந்து டாக். அது 1690களில் வெட்டினது. அப்புறம் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் வந்து தங்கினதால அந்தப் பேரு. சவுத் டாக்குக்கும் ஒரு கதை உண்டு. 1944இல் நார்மண்டி படையெடுப்புக்காக மல்பெரின்னு ஒரு மிதக்கும் துறைமுகத்தைத் துண்டு துண்டா செஞ்சாங்க இல்லையா, அதுக்கான ராட்சச கான்கிரீட் பெட்டிகளில் சிலதை, இந்த டாக்கில் தண்ணியை வடிச்சுட்டு உள்ளேயே கட்டினாங்க. இடம் நிறைய, கூட்டமும் கம்மி. ஆனா ஊருக்குள்ள போக ரயிலைப் பிடிக்கணும்.

ரெண்டாவது, வடகரையில் லைம்ஹவுஸ். 1820இல் ரீஜண்ட்ஸ் கால்வாய் தேம்ஸில் வந்து சேருற இடத்தில் வெட்டின குளம். கடல் வழியா வர்ற நிலக்கரி இங்கே படகு மாறி லண்டனுக்குள்ள போச்சு.

மூணாவது, செயின்ட் கேதரின் டாக். நண்பரோட மனசு முழுக்க இதில்தான். ஏன்னு கேட்டா, டவர் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒட்டினாப்ல. படகில் இருந்து இறங்கினா எதிரே லண்டன் கோபுரக் கோட்டை. பாய்மரம் வெச்ச படகு அதுக்கு மேல போகணும்னா 1894இல் திறந்த டவர் பாலத்தைத் தூக்கச் சொல்லணும். காசு கிடையாது, 24 மணி நேரம் முன்னாடி சொன்னா போதும். ஆனா தாண்டிப் போயும் பிரயோஜனமில்லை. அடுத்து இருக்கிற லண்டன் பாலம் தூக்குற பாலம் இல்லை.

சரி, செயின்ட் கேதரின்தான்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டு, அதோட வரலாற்றைக் கொஞ்சம் நோண்டினேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

அந்த இடத்தில் 1147இல் மெட்டில்டா ராணி ஒரு தர்ம ஸ்தாபனம் அமைச்சா. தேவாலயம், ஏழைகளுக்கு விடுதி. ராணிகளோட ஆதரவில் இருந்ததால எட்டாம் ஹென்றி மடங்களை எல்லாம் இடிச்சப்பக்கூட இது தப்பிச்சது. 1666 பெருந்தீயிலும் தப்பிச்சது. சுத்தி ஒரு நெருக்கமான ஊர் வளர்ந்தது: மாலுமிகள், கூலிக்காரங்க, வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவங்க.

1820களில் பழைய டாக் கம்பெனிகளோட 21 வருஷ ஏகபோக உரிமை முடிஞ்சது. உடனே புது முதலாளிகள் நகரத்துக்கு நெருக்கமா ஒரு டாக் வெட்ட ஆசைப்பட்டாங்க. 1825இல் பார்லிமெண்ட் சட்டம் போட்டுக் கொடுத்தது. எழுநூறு வருஷக் கோயில் போச்சு. கூடவே 1,250 வீடுகள். வெளியே துரத்தப்பட்டவங்க சுமார் 11,300 பேர். வீட்டுச் சொந்தக்காரங்களுக்கு நஷ்ட ஈடு கிடைச்சது. வாடகைக்கு இருந்த ஏழைகளுக்கு ஒரு பென்னிகூடக் கிடையாது. 1828 அக்டோபர் 25 அன்னிக்கு டாக்கைத் திறந்தாச்சு. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட். கிடங்குகளைக் கட்டினவர் பிலிப் ஹார்ட்விக்.

இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்க விடலை. அந்தக் குளத்துக்குத் தோண்டின மண்ணைப் படகில் ஏத்தி, ஆத்தோட மேலே கொண்டு போய், பெல்கிரேவியா, பிம்லிகோ பக்கம் சதுப்பு நிலத்தை மேடாக்கக் கொட்டினாங்க. அதுமேலதான் பணக்காரங்களுக்கு வெள்ளை வெள்ளையா மாளிகை எழும்புச்சு. ஏழைங்க வீட்டை இடிச்சாங்க. அவங்க காலடி மண்ணையும் அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.

இத்தனையும் செஞ்சு கட்டினாங்களே, டாக்காவது கொழிச்சுதா? அதுவும் இல்லை. டெல்ஃபோர்ட் நல்ல மூளைக்காரர். குளத்தை ரெண்டாப் பிரிச்சு, கரை நீளத்தைக் கூட்டி, கப்பலில் இருந்து நேரா கிடங்குக்குள்ளேயே சரக்கு இறங்குற மாதிரி செஞ்சார். தந்தம், தேயிலை, அவுரி, வாசனைச் சாமான், கம்பளி எல்லாம் வந்து குவிஞ்சது. ஆனா வாசல் 45 அடி அகலம்தான். கொஞ்ச வருஷத்தில் நீராவிக் கப்பல்கள் பெருத்துப் போச்சு. வாசலுக்குள்ள நுழைய முடியலை. கீழே வேற துறைகளில் சரக்கை இறக்கி, தோணிகளில் இங்கே கொண்டு வர வேண்டியதாயிடுச்சு. 1864இல் பக்கத்து லண்டன் டாக் கம்பெனியோடு இணைஞ்சது. 1940இல் ஜெர்மன் குண்டுவீச்சில் கிழக்குக் குளத்துக் கிடங்குகள் எரிஞ்சு போச்சு. 1968இல் மூடிட்டாங்க.

கன்டெய்னர் கப்பல் வந்ததும் மத்த டாக்குகளுக்கும் இதே கதிதான். லைம்ஹவுஸ் 1969இல், சவுத் டாக் இருந்த சர்ரே டாக்குகள் 1970இல் கப்பலுக்கு மூடப்பட்டன. கப்பலுக்குப் பத்தாத அந்தக் குட்டி வாசல்தான் இன்னிக்கு எங்க 26 அடிப் படகுக்கு வரப்பிரசாதம். எந்தக் குறையால அந்த டாக் தோத்துச்சோ அதே குறைதான் அதை மரீனாவா வாழ வெச்சிருக்கு. ஆனா அந்த 11,300 பேருக்கு இதனால என்ன ஆச்சு? நாற்பது வருஷம்கூட முழுசா ஓடாத ஒரு கம்பெனிக்காக ஊரைவிட்டுப் போனவங்க அவங்க.

நண்பர்கிட்ட இதை எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "லண்டனில் யாரையும் துரத்தாம கட்டின இடம் எது? நீ அங்கே போகாம இருந்தா அவங்களுக்கு வீடு திரும்பக் கிடைக்குமா?"ன்னார். நியாயமான கேள்வி. பதில் இல்லை என்கிட்ட.

அப்புறம் ஓத அட்டவணையை எடுத்து வெச்சோம். அங்கதான் முடிவாச்சு. குவீன்பரோவிலிருந்து டவர் பாலம் சுமார் 40 கடல் மைல். தண்ணி ஏற ஆரம்பிக்கிறப்ப கிளம்பினா, கடலே நம்மைத் தள்ளிக்கிட்டு வரும். ஏறக்குறைய ஆறு மணி நேரப் பயணம். செயின்ட் கேதரின் லாக் திறக்கிறது முழு ஏத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி தொடங்கி, ஒண்ணரை மணி நேரம் பின்னாடி வரைதான். அதைத் தவறவிட்டா வெளியே மிதவையில் கட்டிக்கிட்டு அடுத்த ஏத்தம் வரை ஆடிக்கிட்டே கிடக்கணும். பயணிகள் படகு ஒவ்வொண்ணும் போறப்ப குடலே வாய்க்கு வந்துரும். எங்க இஞ்சினோ நண்பரைவிட மெதுவா எழுந்திருக்கிற சாதி. லைம்ஹவுஸில் 1989இல் பழைய கப்பல் வாசலுக்குப் பதிலா சின்ன லாக் போட்டாங்க. அது இன்னும் அதிக நேரம் திறக்கும். முன்கூட்டியே சொல்லி வெக்கணும், அவ்வளவுதான். விலையும் கம்மி. வரலாறு பாதி, இஞ்சின் பயம் பாதின்னு லைம்ஹவுஸ்னு முடிவு பண்ணினோம்.

பயந்த மாதிரியே வழியில் இஞ்சின் ஒரு தடவை நின்னு, முக்கால் மணி நேரம் தின்னுடுச்சு. தேம்ஸ் தடுப்பணையைத் தாண்டறதுக்கு முன்னாடி வானொலியில் 14ஆம் சேனலில் அனுமதி கேட்கணும், பாயை இறக்கிட்டு இஞ்சினில்தான் போகணும். நல்லவேளை, அது தடுப்பணைக்கு முன்னாடியே நின்னு, தடுப்பணைக்கு முன்னாடியே உயிர் பிழைச்சுது. பச்சை அம்பு எரியுற இடைவெளியில் நுழைஞ்சு, கிரீன்விச்சைச் சுத்தி, இடது கையில் சவுத் டாக்கை விட்டுட்டு, லைம்ஹவுஸ் லாக்குக்குள் நுழைஞ்சப்ப செயின்ட் கேதரின் கதவு மூட பத்து நிமிஷம்தான் பாக்கி. அங்கே போயிருந்தா ராத்திரி முழுக்க தாலாட்டுதான்.

மறுநாள் காலையில் நடக்கக் கிளம்பினேன். மரீனாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் புட்சர் ரோ. அங்கே ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து நின்னுட்டேன். செயின்ட் கேதரின் அறக்கட்டளை! டாக்குக்காக இடிக்கப்பட்டதே, அதே மெட்டில்டா ராணியோட ஸ்தாபனம். இடிச்சதும் ரீஜண்ட்ஸ் பார்க் பக்கம் பெரிய மனுஷங்க நடுவில் கொண்டு போய் வெச்சாங்க. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கிழக்கு லண்டனுக்கே திரும்பி வந்து இங்கே உட்கார்ந்திருக்கு. ஸ்தாபனத்துக்குத் திரும்பி வர வழி இருந்தது. அங்கே குடியிருந்தவங்களுக்கு இல்லை.

லைம்ஹவுஸுக்கு நம்ம சங்கதி ஒண்ணும் உண்டு. வெஸ்ட் இந்தியா டாக் சாலையில் 1857இல் ஆசிய, ஆப்பிரிக்க மாலுமிகளுக்காக ஒரு விடுதி திறந்தாங்க. ஈஸ்ட் இந்தியா கப்பல்களில் வேலை செஞ்சு வந்து, திரும்பிப் போகக் கப்பல் கிடைக்காம, குளிரில் தெருவில் கிடந்த இந்தியர்கள் அவ்வளவு பேர். லஸ்கர்னு அவங்களைக் கூப்பிட்டாங்க. அந்த வார்த்தை நமக்குப் புதுசு இல்லையே! நம்ம பொதுப்பணித்துறையில் ஏரி, வாய்க்கால் மதகைத் திறந்து மூடுற ஊழியருக்கும் லஸ்கர்னுதானே பேரு?

மத்தியானம் வாப்பிங் வழியா செயின்ட் கேதரின் வரை நடந்தே போனோம். தந்தக் கிடங்கு மணிக்கூண்டோட இன்னும் நிக்குது, சுத்தி உணவகங்கள். அழகாத்தான் இருக்கு, பொய் சொல்லக்கூடாது. நண்பர் பளபளன்னு நின்ன படகுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அடுத்த தடவை இங்கேதான்"னார். நான் மறுப்பு சொல்லலை. "முதல்ல இஞ்சினை மாத்துங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

மூணாம் நாள் ஏத்தம் முடிஞ்சு வத்த ஆரம்பிக்கிற நேரம் லைம்ஹவுஸ் லாக்கில் வந்து நின்னோம். மஞ்சள் சட்டை போட்ட லாக் ஊழியர் பொத்தானை அழுத்த, கதவு மெல்லத் திறந்தது. போற போக்கில் கையை ஆட்டி வாயெடுத்துக் கூப்பிட்டேன்: "தேங்க்ஸ் லஸ்கரய்யா!" அவருக்குப் புரியலை. சிரிச்சுக்கிட்டே கையாட்டினார்.