கியூப்: ஒரே அறையில் கட்டிய 17,576 அறைகள்

பூட்டின அறைக்குள்ள நடக்கிற படங்களைப் பற்றிக் கதை வந்தால் எங்கட கூட்டத்தில சண்டை நிச்சயம். ஒராள் ‘த பிளாட்போம்’ எண்டுவார், இன்னொராள் ‘எஸ்கேப் ரூம்’ எண்டுவார். இரண்டும் 2019இல் வந்தவை. அவற்றுக்கு இருபது வருசத்துக்கு மேல் முந்தியது, கனடாவில் எடுக்கப்பட்ட ‘கியூப்’ (1997). அதைப் பற்றித்தான் இங்கே கதைக்கப் போறம். முடிவைச் சொல்லமாட்டம். ஆனால் நடுவில் வருகிற ஒரு ரகசியத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத ஏலாது.

கதை சின்னது. ஒருவரையொருவர் அறியாத சிலர் சதுரமுகி வடிவ அறையொன்றில் கண் விழிக்கிறார்கள். ஆறு முகத்திலும் ஆறு கதவுகள். எந்தக் கதவைத் திறந்தாலும் அதேபோல இன்னொரு அறை. சில அறைகளில் ஆளைக் கொல்லும் பொறிகள். கணிதம் படிக்கும் மாணவி ஒருத்தி, கதவடியில் உள்ள எண்களைப் பார்த்து, முதன்மை எண் இருந்தால் பொறி இருக்கும் என்று ஊகிக்கிறாள். 26 × 26 × 26, ஆகக்கூடியது 17,576 அறைகள் என்று கணக்கும் போடுகிறாள். ஓ/எல் சோதனையோட நாங்கள் மறந்துபோன கணக்கெல்லாம் அங்கே உயிர் காக்குது. ஆட்களின் பெயர்களையும் கவனியுங்கோ. குவென்ரின், ஹொலோவே, கசான் எல்லாம் சிறைச்சாலைகளை நினைவூட்டும் பெயர்கள். லீவன், வேர்த் இரண்டையும் சேர்த்தால் அமெரிக்காவின் லீவன்வேர்த் சிறை.

ஆட்களை அடைத்துவைத்துச் சொல்லும் கதை புதிதல்ல. 1944இல், ஜேர்மனியரின் பிடியில் இருந்த பாரிஸில், சார்த்தரின் நாடகம் ஒன்று மேடையேறியது. இறந்துபோன மூன்று பேர் ஒரே அறைக்குள். அது நரகம் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். 1961இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘த ருவைலைற் சோன்’ ஐந்து பேரை ஓர் உருளைக்குள் போட்டது. அவர்கள் பொம்மைகள், அந்த உருளை பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் சேர்க்கும் பீப்பாய் என்று கடைசியில் தெரிய வரும். இரண்டிலும் ‘இது என்ன இடம்’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கு. ‘கியூப்’ அந்தப் பதிலைத் தர மறுத்தது.

படத்தை எடுத்த வின்சென்ஸோ நத்தாலிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. 1996இல் லிப்ட் ஒன்றுக்குள் நடக்கும் ‘எலிவேற்றட்’ என்ற குறும்படத்தை எடுத்து, சின்ன இடத்திலும் தன்னால் பயத்தை உருவாக்க முடியும் என்று காட்டினார். ‘கியூப்’புக்குக் கிடைத்தது ஏறக்குறைய 350,000 கனேடிய டொலர். எங்கட சொந்தக்காரர் பாதிப்பேர் இருக்கிற அதே ரொறன்ரோவில, 14 அடி அகலத்தில முழுதாக் கட்டினது ஒரே ஒரு அறைதான். சுவர்த் தகடுகளின் நிறத்தை மாற்றினால் அடுத்த அறை. கணினிக் காட்சிகளை உள்ளூர் நிறுவனமொன்று காசு வாங்காமல் செய்து கொடுத்தது. 1997 ரொறன்ரோ திரைப்பட விழாவில் சிறந்த முதல் கனேடியப் படத்துக்கான விருது கிடைத்தது. குறும்படம் எடுக்கக் காசில்லை எண்டு புலம்புற எங்களுக்கு இது ஒரு நல்ல பாடம்.

இனி அந்த ரகசியம். அடைபட்டவர்களில் வேர்த் என்பவர் அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். இந்தக் கட்டடத்தின் வெளிக்கூட்டை வரைந்ததே தான்தான் என்று ஒரு கட்டத்தில் ஒப்புக்கொள்கிறார். வேலை கொடுத்தது யார், எதற்கு, அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. சம்பளம் வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் துண்டை மட்டும் செய்தார்கள், முழுதையும் அறிந்தவர் யாரும் மிஞ்சவில்லை என்கிறார். கட்டியாகிவிட்டது, சும்மா விட்டால் வீண்வேலை என்றாகிவிடும், அதனால் ஆட்களைப் போடுகிறார்கள். டொக்டர் ஹொலோவே இதற்குப் பின்னால் ஒரு பெரிய சதியைத் தேடுகிறார். வேர்த்தின் பதில் அதைவிடப் பயங்கரமானது: மேலே யாரும் இல்லை.

முதல்தரம் பார்க்கேக்க நாங்கள் பொறிகளுக்குத்தான் பயந்தம். போன மாதம் திரும்பப் பார்த்தம். எங்களில் ஒருத்தி இப்ப ஒரு அலுவலகத்தில தரவு பதியிற வேலை செய்யிறா. யாரோ அனுப்புற பெயர்ப்பட்டியலைப் பதிந்து யாருக்கோ அனுப்புவா. வேர்த் கதைச்சு முடிய, படத்தை நிப்பாட்டச் சொன்னா. கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல.

அடுத்த நாள் அந்தப் பட்டியல் எதுக்கு எண்டு மேலதிகாரியிட்டக் கேட்டிருக்கிறா. அவர் கோபப்படவில்லை. “எனக்கும் தெரியாது தங்கச்சி, மேலயிருந்து வாறது” எண்டாராம். மேலே இருப்பவரிடமும் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறா.