தங்கவயலும் கைரேகையும்

நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, பழைய மைசூர் நாட்டின் கிழக்கு ஓரமாக இறங்கி, ஆந்திரத்தைக் கடந்து தமிழகம் வந்து சேர்கின்றது. வாணியம்பாடி, வேலூர் மக்களுக்கு அது பெரும்பாலும் மணலாறு. கோலார் தங்கவயல் மக்களுக்கோ அதுவே குடிநீர். பேத்தமங்கலம் ஏரியில் தேங்கிய அந்த நீர்தான் சுரங்க நகரத்தின் குழாய்களில் வந்தது. 1880-க்குப் பின் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழை உழைப்பாளிகள் தங்கவயலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற ஆதிதிராவிடர். அயல் நாட்டரசு ஒன்றின் எல்லைக்குள் நகரமாகத் திரண்டு வாழத் தொடங்கிய தமிழர்களுள் இவர்கள் முன்னோடிகள் எனலாம்.

சுரங்கங்கள் பல, கம்பெனிகளின் பெயர்களும் பல. நிர்வாகம் மட்டும் லண்டனிலிருந்த ஜான் டெய்லர் நிறுவனத்தின் கையில் இருந்தது. வெட்டி எடுக்கும் பொருளோ பொன். ஒரு சிட்டிகையை மடியில் மறைத்தாலும் அதற்கு விலையுண்டு. ஆதலின் தங்கவயலில் கண்காணிப்பு என்பது சுரங்கத்தின் ஆழத்தோடு போட்டியிட்டு வளர்ந்தது. குழியினின்று மேலே வந்தவன் உடற்சோதனைக்கு உள்ளானான். மைசூர் அரசு இயற்றிய சுரங்கச் சட்டங்களும் கம்பெனிகளுக்குத் துணை நின்றன. பொன் கலந்த பொருள் ஒருவனிடம் அகப்பட்டால், அது நேர்வழியில் வந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவன் தலையிலேயே விழுந்தது. குற்றத்தை நாட்டவேண்டியவர் குற்றஞ்சாட்டுபவர் என்னும் பொதுநீதி இங்கே தலைகீழாயிற்று.

இவற்றையெல்லாம் முணுமுணுப்போடு பொறுத்திருந்த மக்கள், 1930-இல் ஒரு புதிய ஏற்பாட்டைப் பொறுக்கவில்லை. தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகம் கூறியது. வேலை நின்றது, 21 நாட்கள் நின்றது. மைசூர் நாட்டில் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது 1940-களில்தான். ஆகவே இப்போராட்டத்தை நடத்த வலிய சங்கமோ பெயர்பெற்ற தலைவரோ இல்லை. இதுவே இவ்வரலாற்றில் நம்மை வியக்க வைக்கும் செய்தி.

சோதனைக்கு உடன்பட்டவர் ரேகைக்கு ஏன் மறுத்தனர்? சோதனை அன்றன்று முடிந்துவிடும். மடியை உதறிக் காட்டியவன் வீட்டிற்குப் போகலாம். ரேகையோ ஏட்டில் தங்கிவிடும். ஒரு சுரங்கத்தில் மேஸ்திரியோடு மனத்தாங்கல் ஏற்பட்டு விலக்கப்பட்டவன், முன்பெல்லாம் வேறு பெயரைச் சொல்லி அடுத்த சுரங்கத்தில் சேர வழியிருந்தது. பெயரை மாற்றலாம், விரலை மாற்ற இயலுமோ? அன்றியும், கல்கத்தாவில் 1897-இல் கைரேகை நிலையம் நிறுவப்பட்ட நாள் முதல், விரற்பதிவு என்பது போலீசாரின் குற்றவாளிப் பட்டியலோடு சேர்த்தே எண்ணப்பட்டது. உழைக்க வந்தவனைத் திருடனாக முன்கூட்டியே எழுதிவைப்பதா என்ற மானவுணர்ச்சியும் இதில் இருந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

தமிழர் விரல்ரேகையை எதிர்த்தது இது முதல்முறையன்று. தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் அரசு 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியரைக் கைரேகையிட்டுப் பதிவு செய்ய முற்பட்டபோது, காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்தோருள் தமிழர் மிகுந்திருந்தனர்.

தங்கவயல் அமைதியுறவில்லை. 1946-இல் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள் போலீசார் சுட்டதில் தொழிலாளர் அறுவர் மாண்டனர். 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசுடைமையாயின. 2001 பிப்ரவரி 28-இல் அவை மூடப்பட்டன.

இன்று அச்சுரங்கத் தொழிலாளரின் மக்களும் பேரமக்களும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பெங்களூரின் அலுவலகங்கள் பலவற்றின் வாயிலில் விரலை வைத்தால்தான் கதவு திறக்கின்றது, வருகையும் பதிவாகின்றது. மத்திய அரசு அலுவலகங்களிலேயே 2014 முதல் ஆதாரோடு இணைந்த விரற்பதிவு வருகைமுறை புகுந்தது. இயந்திரம் விரலோடு நிற்பதுமில்லை. கணினியில் எதைத் தட்டினோம், எத்தனை நிமிடம் வாளாவிருந்தோம் என்பதையும் எண்ணிச் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. பாட்டன் 21 நாள் கூலியை இழந்து மறுத்ததைப் பேரன் ஒரு நொடியில் செய்துவிட்டு உள்ளே போகிறான். அவனைக் குறைகூற நான் வரவில்லை. மறுத்தால் கதவு திறவாது.

கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கு அரசை எதிர்த்தது, முதலாளியை எதிர்த்ததன்று. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலையின் பொருட்டும், முதலாளியை இழப்பினின்று காக்கும் பொருட்டும், பணியாளரின் இசைவைக் கேளாமலே அவருடைய விவரங்களைக் கையாள இடமளிக்கின்றது. ஜான் டெய்லர் நிறுவனமும் இழப்பினின்று காத்துக்கொள்ளவே ஏடு திறந்தது.