இசைத்தட்டின் கதை – 14: பழைய போட்டியாளர்கள், ஒரே முதலாளி

1963-ல் 'கிரசெண்டோஸ்' என்ற சிங்கப்பூர் இளைஞர் குழுவோடு பிலிப்ஸ் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. வெளிநாட்டுப் பெருநிறுவனம் ஒன்று இந்த ஊர்க் குழுவைச் சேர்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. போட்டிக் கம்பெனியான லண்டனின் இ.எம்.ஐ. சும்மா இருக்குமா? குவீன்ஸ்டவுன் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய 'குவெஸ்ட்ஸ்' குழுவைப் பிடித்தது. 1964-ல் வந்த அவர்களின் 'ஷாண்டி', சிங்கப்பூர் தரவரிசையில் பீட்டில்ஸின் பாட்டையே கீழே இறக்கி முதலிடத்தில் உட்கார்ந்தது.

அன்று ஒருவரையொருவர் முந்தப் பார்த்த அந்த இரண்டு கம்பெனிகளின் ஒலிப்பதிவுகளில் பெரும்பகுதியும் இன்று யுனிவர்சல் மியூசிக்கின் கையில். 'ஷாண்டி' வீழ்த்திய பீட்டில்ஸும் அதே வீட்டில்தான்.

பிலிப்ஸின் இசைப்பிரிவு பாலிகிராம் என்று வளர்ந்தது. கனடாவின் சீகிராம் கம்பெனி 1998-ல் அதை ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கி, தன் யுனிவர்சலோடு இணைத்தது. இ.எம்.ஐ.யின் முடிவு இதைவிடச் சோகமானது. 2007-ல் டெர்ரா ஃபர்மா என்ற முதலீட்டு நிறுவனம், பெரும்பாலும் கடன் பணத்தில், சுமார் 420 கோடி பவுண்டுக்கு அதை வாங்கியது. சிடி விற்பனை சரிந்துகொண்டிருந்த நேரம். கடனைக் கட்ட முடியவில்லை. 2011 பிப்ரவரியில் கடன் கொடுத்த சிட்டி வங்கியே கம்பெனியை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் அதை இரண்டாகப் பிரித்து விற்க ஏற்பாடானது. ஒலிப்பதிவுகள் 120 கோடி பவுண்டுக்கு யுனிவர்சலுக்கு. பாடல் பதிப்புரிமை சோனி தலைமையிலான குழுவுக்கு. ஐரோப்பிய ஆணையம் போட்ட நிபந்தனையால், யுனிவர்சல் இ.எம்.ஐ.யின் பார்லஃபோன் பிரிவை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. வார்னர் அதை 2013-ல் வாங்கியது. அந்த முத்திரையில் வந்த பீட்டில்ஸை மட்டும் யுனிவர்சல் கைவிடவில்லை.

இ.எம்.ஐ.யும் ஓர் இணைப்பில் பிறந்த குழந்தைதான். நாய்ப் படம் போட்ட ஹெச்.எம்.வி. தட்டுகளை வெளியிட்ட கிராமஃபோன் கம்பெனியும் கொலம்பியாவும் 1931-ல் சேர்ந்து உருவானது அது. அதற்கு முன்பே, ஓடியன் முத்திரையை வைத்திருந்த ஜெர்மனியின் லிண்ட்ஸ்ட்ரோம் கொலம்பியாவின் வசமாகியிருந்தது. ஏ.வி. மெய்யப்பன் சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் 1930-களில் வெளியிட்டதும் ஓடியன் தட்டுகளைத்தான். ஆக, ஹெச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் என்று மூன்று கம்பெனிகளின் தட்டுகளை அடுக்கி வைத்திருந்த தமிழ்க் குடும்பத்தின் காசு லண்டனில் ஒரே கல்லாவில் போய் விழுந்தது.

சிராங்கூன் சாலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிதான் வருகிறது. இ.எம்.ஐ.யின் இந்தியக் கிளையான கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா, 1980-களின் நடுவில் கல்கத்தாவின் ஆர்.பி.ஜி. குழுமத்துக்குக் கைமாறி, 2000-ல் சரிகம ஆனது. லண்டன் தாய்க் கம்பெனி 2011-ல் விலைபோனபோது இந்தியப் பதிவுகள் அந்த விற்பனையில் சேரவில்லை. தேக்காவில் ஒரு வீட்டுப் பரணில் இரண்டு கொலம்பியா தட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தியக் கிளையின் டம்டம் ஆலையில் அச்சான தமிழ்த் திரைப்பாட்டுக்கு உரிமை கேட்டால் சரிகமவிடம் போக வேண்டும். ஆர்ச்சர்ட் சாலை மெக்டொனால்டு ஹவுஸில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் பதிவான உள்ளூர்ப் பாட்டுக்கோ, கம்பெனி வழியில் பார்த்தால், யுனிவர்சலிடம் போக வேண்டும். முத்திரை ஒன்று, சொந்தக்காரர் இருவர். பழைய பாட்டுகளை மறுபடி வெளியிட நினைப்பவர்களுக்குப் பெரிய தடை இந்தச் சிக்கல்தான் என்பேன்.

2019-ல் யுனிவர்சல், தன் ராப் முத்திரையான டெஃப் ஜாமின் தென்கிழக்கு ஆசியக் கிளையைத் தொடங்கியது. ஆங்கிலமும் தமிழும் கலந்து ராப் பாடும் நம் சிங்கப்பூர்ப் பிள்ளை யங் ராஜா அதில் சேர்ந்தார். 1984-ல் நியூயார்க்கில் பிறந்த டெஃப் ஜாமின் சரிபாதியை 1994-ல் வாங்கியது பாலிகிராம். அதாவது, கிரசெண்டோஸைச் சேர்த்துக்கொண்ட அதே பிலிப்ஸ் வழி.

இப்படிக் கம்பெனிகள் கைமாறும் அலைக்குச் சென்னையும் தப்பவில்லை. அங்குள்ள திங்க் மியூசிக் கம்பெனியின் 76 சதவீதப் பங்கை 2021-ல் பாரிஸின் பிலீவ் நிறுவனம் வாங்கியது. டிவோ கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கு 2023-ல் வார்னருக்குப் போனது. புதுப் படப்பாட்டு எங்கே போகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சிங்கப்பூரில் பதிவான பழைய தமிழ்ப் பாட்டுகளுக்கு அப்படி ஒரு முழுப் பட்டியல் வேண்டும். கம்பெனி கைமாறும்போதெல்லாம் அலுவலகம் மாறுகிறது, ஆட்கள் மாறுகிறார்கள். விற்பனை குறைந்த ஒரு சின்னச் சந்தையின் ஒலிநாடாவைத் தேடி எடுக்க யாருக்கு நேரம் இருக்கும்? அந்த வேலை நம்முடையது.

வீட்டைக் காலி செய்யும்போது தாத்தாவின் தட்டுகளையும் கேசட்டுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உறையையும் தட்டின் நடுவில் உள்ள முத்திரைத் தாளையும் கிழிக்காதீர்கள், அவற்றில் கம்பெனிப் பெயரும் பதிவெண்ணும் இருக்கும். உரிமையாளரைத் தேடிப் போக அவை இரண்டும்தான் வழி. வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

(தொடரும்)